பயித்தங்கன்றும் முயலும்: ஒட்டாவாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயித்தங்கன்றின் தண்டு நிலத்திலிருந்து இரண்டு அங்குலத்தில், கத்தியால் சரிவாகச் சீவினது போல நிற்கிறது. இது முயலின் வேலைதான். மான் கடித்தால் தண்டு நாராகக் கிழிந்திருக்கும், ஏனென்றால் மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை. வெட்டுப்புழு என்றால் வெட்டின கன்று பக்கத்திலேயே வாடிக் கிடக்கும். உன் பாத்தியில் ஒரு இலைகூட மிச்சமில்லை. குனிந்து பார், பட்டாணி அளவில் உருண்டைப் புழுக்கை கிடக்கும்.

விதையிலைக்குக் கீழே வெட்டுப்பட்ட கன்று இனித் தளிர்க்காது, பிடுங்கிவிடு. விதையிலைக்கு மேலே கணு மிஞ்சியிருந்தால் விட்டு வை, பக்கத்தளிர் வரும். ஜூன் நடுப்பகுதி வரைக்கும் திரும்ப விதைக்கலாம். ஆனால் வேலி போடாமல் ஒரு விதைகூட ஊன்றாதே. கன்று ஒரு சாண் உயரம் இருக்கும்போதுதான் முயலுக்கு அதில் ஆசை அதிகம்.

மருமகன் மிளகாய்த்தூள் கரைத்துத் தெளிக்கலாமா என்று கேட்டாராம். ஒரு மழைக்கு அது போய்விடும். நேற்று விட்ட புதுத் தளிரில் அது இருக்கவும் இருக்காது, முயல் தேடுவதோ அந்தத் தளிரைத்தான். காய்ந்த இரத்தத்தில் செய்த உரமான இரத்தத்தூளும் அப்படித்தான், மழைக்கு மழை போட வேண்டும். அதில் நைதரசன் கூட என்பதால் பயிற்றை கொடியாக ஓடுமே தவிரக் காய் பிடிக்காது. அந்துருண்டையைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் போடவே கூடாது, அது நஞ்சு, பிள்ளைகள் விளையாடுகிற இடம். பொறி வைத்துப் பிடிக்கிற யோசனையையும் விடுங்கள். பிடித்த விலங்கை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் விடக்கூடாது என்பது ஒன்ராறியோ விதி. விட்டாலும் அந்த இடத்துக்கு அடுத்த முயல் வந்துவிடும்.

ஆகவே வேலிதான். உயரம் பெரிய விஷயமில்லை, இரண்டடி போதும். வேலியின் கால்தான் முக்கியம். நம்முடைய பக்கத்துப் பஞ்சுவால் முயல் வளை தோண்டி வாழ்கிற இனம் இல்லை. வேலி ஓரமாகவே போய்ப் போய், மூக்கை நுழைக்க எங்கே பொட்டு இருக்கிறது என்று பார்க்கும். தலை போனால் உடம்பும் போய்விடும். பெரிய குழியாகத் தோண்டி மண்ணை வாரிப் போட்டிருந்தால் அது முயல் இல்லை, நிலப்பன்றி (groundhog). அதற்கு இந்த வேலி காணாது.

நீ சொன்ன 10 அடிக்கு 12 அடிப் பாத்திக்குச் சுற்றளவு 44 அடி. கோழிக்கூட்டு வலை, கண் ஒரு அங்குலம், அகலம் 36 அங்குலம், நீளம் 50 அடிச் சுருள் ஒன்று வாங்கு. இரண்டு அங்குலக் கண் மலிவாகக் கிடைக்கும், வாங்காதே. முயல்குட்டி அதற்குள்ளால் வந்துபோகும். உங்கள் பின்வளவுச் சங்கிலி வேலி முயலைத் தடுக்காததும் இதனால்தான். நாலடிக் கட்டை பத்து, புல்லில் குத்துகிற ப வடிவ ஊசி ஐம்பது, கட்டுக்கம்பி, ஒரு குறடு, தடித்த கையுறை. வலையின் வெட்டுமுனை கையைக் கிழிக்கும். கட்டை அடிக்க முன்னம், நிலத்துக்குக் கீழே குழாய் எங்கே போகிறது என்று அறிய உதவும் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்கு அறிவித்துவிடு. இலவசம்தான், ஆனால் ஆட்கள் வந்து காஸ், மின்சாரக் குழாய்களை அடையாளம் போடச் சில நாள் செல்லும்.

வலையை நிலத்தில் விரித்து, ஒரு நீளப்பலகையை வைத்து, 12 அங்குலத்தை மடித்துவிடு. 24 அங்குலம் நிமிர்ந்து நிற்கும், மடித்த 12 அங்குலம் வெளிப்பக்கமாகப் புல்லின் மேல் படுக்கும். உள்பக்கமாக மடித்தால் பயனில்லை. முயல் வேலியின் அடியில் கால் வைத்துப் பிராண்டும்போது அதன் காலுக்குக் கீழே வலை இருக்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு ஊசி குத்து. ஒரு மாதத்தில் புல் அதற்குள்ளால் வளர்ந்து தானே பிடித்துக்கொள்ளும். கட்டைகளை ஐந்தடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்துக்கு அடித்து, வலையை இழுத்துக் கட்டு.

மூலைகளில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். மடித்த பகுதி மூலையில் திரும்பும்போது பிரிந்து, இடையில் மண் தெரியும். முயல் வருவது அந்த இடத்தால். மிஞ்சுகிற துண்டில் ஒரு அடிச் சதுரமாக நாலு வெட்டி, நாலு மூலைக்கும் வைத்துக் கம்பியால் தைத்துவிடு. சுருளின் இரண்டு முனையும் சேருமிடத்தில் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும்.

படலை வேண்டாம். இரண்டடி வேலியைக் கால் தூக்கித் தாண்டலாம். படலை வைத்தால் அதன் கீழ்தான் முதலில் பொட்டு விழும். விதைக்கும்போது வேலிக்கு அரை அடி உள்ளே ஊன்று, இல்லாவிட்டால் வலைக்கு வெளியே நீட்டின இலையை நின்று தின்னும்.

இடம் போதாவிட்டால் உள்ளே பயிற்றை, போஞ்சி, முளைக்கீரை, கரட் போடு. தக்காளி, பூசணி, வெள்ளரி, உருளைக்கிழங்கு வெளியே இருக்கலாம், முயல் அவற்றைப் பெரும்பாலும் தேடாது. குருத்துப் பருவத்தில் மட்டும் ஒரு கூடையால் மூடி வை.

அந்த இளம் அப்பிள் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முயல் குளிர்காலத்தில் உறங்காது. பச்சை இல்லாத நாட்களில் பட்டையைக் கறண்டும். சுற்றிவரக் கறண்டினால் மரம் பட்டுப்போகும், இலை செய்கிற சாப்பாடு பட்டைவழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஒக்டோபரில் அரை அங்குலச் சதுரக்கண் வலையைக் குழாய்போலச் சுற்றி, பட்டையில் முட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்து. நாலடி உயரம் வேண்டும். ஒட்டாவாவில் இரண்டடி வலை பனிக்குள் போய்விடும், முயல் பனிக்கு மேலே ஏறி நின்று மேற்பட்டையைத் தின்னும்.

வேலியை மூட முதல், பாத்திக்குள்ளும் டெக்கின் கீழும் கூடு இருக்கிறதா என்று பார். காய்ந்த புல்லும் மயிரும் மூடின ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். குட்டி இருந்தால் எடுக்காதே. தாய் விடியவும் மைம்மலிலும் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும், ஆகவே பகலில் தாயைக் காணவில்லை என்று பயப்படாதே. கூட்டின்மேல் நாலைந்து நூலைக் குறுக்கும் மறுக்குமாக வைத்துவிட்டு வா. காலையில் நூல் கலைந்திருந்தால் தாய் வந்திருக்கிறது. மூன்று கிழமையில் குட்டிகள் தாங்களே போய்விடும். அதுவரை அந்தப் பக்கம் புல்லு வெட்ட வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லு. வலையை அதற்குள் வாங்கி, மடித்து வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா