தொண்டையைப் பாத்துக்க

பாப்பா,

சாப்பிட்டியா. அப்பாதான். இதைக் கடிதம்னு நெனச்சுக்க, மெசேஜ்னு நெனச்சுக்க, எதுவா இருந்தாலும் முழுசாப் படி, பாதியில நிறுத்திட்டுக் கட்டைவிரல் படத்தைப் போட்டு விட்டுறாத. போன் பண்ணா "வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்"ங்கற, அந்த அப்புறம் வரவே மாட்டேங்குது. நம்ம மைக் செட்டுல வேலை பாக்குற பயதான் சொல்லிக் குடுத்தான், போன்ல மைக் படத்தை அமுக்கிட்டுப் பேசினா அதுவே எழுதுமாம். 35 வருசமா மைக்கு முன்னாடி நிக்கிற ஆளுக்கு இதுகூடத் தெரியலயேன்னு ஒரே சிரிப்பு அவனுக்கு. ஆனா இது ஒழுங்கா எழுத மாட்டேங்குது, தொண்டையைப் பாத்துக்கன்னு சொன்னா தொண்டரைப் பாத்துக்கன்னு எழுதுது, என்னமோ நான் வார்டு எலக்‌ஷன்ல நிக்கிற மாதிரி. அழிச்சு அழிச்சுத் திருத்திக்கிட்டு இருக்கேன்.

முதல்ல அதைச் சொல்லிடுறேன். தொண்டையைப் பாத்துக்க. ஐஸ் தண்ணி குடிக்காத. ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கிற மாதிரி உக்காராத. ராத்திரி படுக்கப் போறப்ப பால்ல மிளகும் மஞ்சளும் போட்டுக் குடி. அங்க ரூம்ல பால் காய்ச்ச வசதி இல்லன்னா வெந்நியில உப்பு போட்டாவது கொப்பளி.

வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கு, மாத்திரையை ஒரு நாள் போடுறா ரெண்டு நாள் விடுறா. கன்னு போட்டுடுச்சு, கிடேரி. உங்க அத்தை போன வாரம் வந்துட்டுப் போனா, வந்தா என்ன பேச்சுப் பேசுவான்னு உனக்கே தெரியும், நான் செட்டு கட்டப் போகணும்னு வெளியே போயிட்டேன். பெரிய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்ல கெடக்கு. வைகாசி முகூர்த்தம் பரவால்ல, ஆடிக்கு அஞ்சு கோயில் ஆர்டர் வந்துருக்கு. வேற விசேஷம் ஒண்ணுமில்ல. போன்ல பேசினப்ப உன் குரல் கொஞ்சம் கம்முன மாதிரி இருந்துச்சு, அதான் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

போன்லன்னு சொன்னேன்ல, அது போன்ல இல்ல.

சரி சொல்லிடுறேன். நான் கேக்குறேன் பாப்பா. வேலைக்குச் சேந்தப்ப "என் ஷோவை ஒரு நாளாவது கேளுங்கப்பா"ன்ன, நான் "எனக்கு எங்க நேரம்"னு சொன்னேன். அன்னிலேருந்தே கேக்குறேன். குடோன்ல அந்தச் சின்ன பிலிப்ஸ் ரேடியோ இருக்குல்ல, ஏரியல் ஒடஞ்சு போய் நான் கம்பி கட்டி வச்சிருப்பேனே, அதுலதான். திருமங்கலம் வரைக்கும் நல்லாத்தான் எடுக்குது, மழை பெஞ்சாலும் எடுக்குது. ராத்திரி ஒம்போதரைக்கு வயரைச் சுத்துறேன், மைக்கைத் தொடைக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருவேன். உங்கம்மாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கா.

ஒரு தடவை அந்த ரேடியோவைப் பெரிய பாக்ஸ்ல குடுத்துட்டேன். டெஸ்டிங்குதான், நெசமா டெஸ்டிங்குதான். நீ புரோட்டா மாஸ்டர்களுக்கு ஒரு பாட்டுப் போட்ட அன்னிக்கு. மாவு வீசுற சத்தத்தை வாயாலேயே பண்ணிக் காட்டுனியே. தெருவே கேட்டுச்சு. எதிர்வீட்டு அக்கா வாசல்ல வந்து "இது நம்ம பாப்பா குரல் மாதிரில்ல இருக்கு"ன்னுச்சு. நான் "இல்லக்கா, இது யாரோ"ன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பவரைக்கும் யோசிக்கிறேன். ஊருல எல்லார்கிட்டயும் நீ மதுரையில பிரைவேட் கம்பெனியில இருக்கன்னுதான் சொல்லி வச்சிருந்தேன், அது ஒரு காரணம்.

நீ நல்லாத்தான் பேசுற. ஆனா "ஸோ" "ஸோ"ன்னு எதுக்கு அத்தனை தடவை சொல்ற? எண்ணிப் பாத்தேன், ஒரு மணி நேரத்துல 22 தடவை. அதைக் குறைச்சுக்க.

போன மாசம் ஒரு ராத்திரி மதுரையில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நான் சிம்மக்கல்லுல மண்டபத்துக்குச் செட்டு கட்டிட்டு வண்டியிலதான் வந்துக்கிட்டு இருந்தேன், வைப்பர் போட்டும் ரோடு தெரியல, ரேடியோவுல நீ "வெக்கையான ராத்திரி, மொட்டை மாடிக்குப் போயிட்டீங்களா"ங்கற. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, நீ அங்க இல்ல, பகல்ல பேசி வச்சதை ஓட்டுறாங்கன்னு. பேச்சுலயும் அன்னிக்குக் கரகரப்பு இருந்துச்சு, ஒரே மூச்சுல நாலு நாள் பேச்சையும் பேசி வச்சிருப்ப போல. அப்புறம் ஒரு வாரம் பாட்டு மட்டும் வந்துச்சு. இப்ப 12 நாளா வேற ஒரு பொண்ணு பேசுது. நல்லாத்தான் பேசுது, குறை சொல்லக் கூடாது, ஆனா கோரிப்பாளையத்தை யாரோ எழுதிக் குடுத்து வாசிக்கிற மாதிரி வாசிக்குது. மதுரையில ஒரு ஆட்டோவுல கூட ஏறியிருக்காது.

நான் உன்னை ஒண்ணும் கேக்கல. கேட்டா சொல்லுவியா என்ன. ரேடியோவுக்கு விளம்பரம் குடுக்குற ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர் சொன்னாரு, இப்பல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா ஆள் வேணாம்னு நெனைக்கிறாங்களாம், ஒரு இடத்துல பேசினாப் போதும், எல்லா ஊருக்கும் போட்டுக்கலாமாம். பிரைவேட் எஃப்எம்ல சொந்தமா செய்தி வாசிக்கவும் கூடாதாம், ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்து வேணாப் போடலாமாம். அப்ப பாட்டும் பேச்சுந்தான் பொழப்பு, அந்தப் பேச்சும் வேற ஊருலேருந்து வந்தா அதுக்கு எதுக்கு மதுரை ஸ்டேஷன்னு பேரு? எனக்கு இது புதுசு இல்ல. ஆட்டோவுல உக்காந்து "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு"ன்னு நேர்ல பேசிக்கிட்டே போவேன்ல, தெருவுல நிக்கிற ஆளைப் பாத்துப் பேச்சை மாத்துவேன், பள்ளிக்கூடம் வந்தா வால்யூம் குறைப்பேன். அப்புறம் கேசட்டு வந்துச்சு, பென்டிரைவு வந்துச்சு, இப்ப டிரைவர் மட்டும் போதும். சாவு வீட்டு வாசல்லயும் தள்ளுபடி விற்பனைன்னு கத்திக்கிட்டே போகுது வண்டி.

உனக்கு ஒண்ணு சொல்லணும். இதுக்குத்தான் இவ்வளவும் சுத்தி வந்துருக்கேன்னு நெனக்கிறேன்.

1988ல நான் வானொலிக்கு ஆடிஷன் போன கதை உனக்குத் தெரியும். சிபாரிசு இல்லாததுனால எடுக்கலன்னு சொல்லுவேன்ல. உங்கப்பத்தாகிட்ட சொன்னேன், உங்கம்மாகிட்ட பொண்ணு பாக்கப் போனப்பவே சொன்னேன், டீக்கடையில எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல. நீ காலேஜ் முடிச்சிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்காம ஆடிஷன் போறேன்னு நின்னப்பவும் அதைத்தான சொன்னேன், "அங்கெல்லாம் ஆள் இருந்தாத்தான் நடக்கும், நம்ம மாதிரி ஆளுக்கு நடக்காது"ன்னு. அது பொய் பாப்பா.

அங்க ஒரு குறையும் இல்ல. மரியாதையாத்தான் உக்கார வச்சாங்க, தண்ணி குடுத்தாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு. செவப்பு லைட் எரிஞ்சுச்சு. ழகரம் வர்ற மாதிரி ஒரு தாள் குடுத்தாங்க. எனக்கு என்ன தெரியும், சின்ன வயசுலேருந்து இலங்கை வானொலிதான், காலையில பொங்கும் பூம்புனல், ராத்திரி காதுல ரேடியோவை வச்சுக்கிட்டே தூங்குறது. கே.எஸ்.ராஜா எவ்வளவு வேகமாப் பேசுனாலும் ஒரு எழுத்து வழுக்காது, அப்துல் ஹமீத் பாட்டுக்குப் பாட்டு நடத்துறப்ப எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுகிட்ட பேசுற மாதிரியே இருக்கும். நான் ராஜாவை மனப்பாடமா வச்சிருந்தேன். திருவிழாவுல அந்தக் குரல்லதான் அறிவிப்பு சொல்லுவேன், ஊரே கை தட்டும். அந்தத் தாளையும் அப்படியே தட்டி விட்டேன். படிச்சு முடிச்சதும் ஸ்பீக்கர்ல ஒருத்தர் பேசினாரு, "நல்லா இருக்கு தம்பி, இப்ப உங்க குரல்ல படிங்க"ன்னு.

எனக்கு வரல. வாயைத் திறந்தேன், மறுபடியும் ராஜாதான் வந்தாரு. "அவசரமில்ல, வீட்டுல பேசுற மாதிரி படிங்க"ன்னாரு. மூணாவது தடவை சத்தமே வரல. எந்திரிச்சு வந்துட்டேன். பஸ்ஸுல வர்றப்பதான் அந்தச் சிபாரிசு கதையை யோசிச்சேன். திருமங்கலம் வந்து எறங்கறதுக்குள்ள நானே நம்பிட்டேன்.

இதோட நின்னிருந்தாப் பரவால்ல. அந்த முளைப்பாரி ஞாபகம் இருக்கா, உனக்குப் பதினோரு வயசு, மஞ்சச் சட்டை போட்ட சின்னப் பய ஒருத்தன் தொலைஞ்சு போயி மேடைக்குப் பக்கத்துல அழுதுக்கிட்டு இருந்தான். நான் சுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தேன். நீ மைக்கை எடுத்துட்ட. "குழந்தையின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாக"ன்னு நான் சொல்ற மாதிரி சொல்லல. "யம்மா, உன் மயன் இங்க சப்பரத்துக்கிட்ட என் கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், மூக்கு ஒழுகுது, பயப்படாம நடந்தே வாங்க, நான் பாத்துக்கிறேன்"ன்னு சொன்ன. கூட்டமே சிரிச்சுச்சு, அந்தப் பொம்பளை அழுதுக்கிட்டே வந்துச்சு. நான் ஓடி வந்து மைக்கைப் புடுங்கி முதுகுல ஒண்ணு வச்சேன். ஷாக் அடிக்கும்னு பயந்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். ஷாக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குக் கடைசி வரைக்கும் வராதது உனக்கு டவுசர் வயசுலயே வந்துருச்சு, அது பொறுக்கல. பெத்த மகமேல பொறாமைப்பட்டவன்னு எழுத வாய் கூசுது, ஆனா இந்தப் போன் பாரு, இதை மட்டும் ஒரு தப்பு இல்லாம எழுதிருச்சு.

பொம்பளைப் பிள்ளை, ராத்திரி வேலை, சம்பளம் கம்மின்னு நான் போட்ட சண்டையெல்லாம் பொய்யின்னு சொல்லல. சம்பளம் கம்மிதான். நீ எல்ஐசி பிரீமியம் கட்டலன்னு எஸ்எம்எஸ் என் நம்பருக்குத்தான் வருது, கட்டிட்டேன், அதைப் பத்திப் பேச வேணாம். ஆனாலும் உனக்குப் புடிவாதம் ஜாஸ்தி. ரெண்டு மாசம் வாடகை கையில வச்சுக்காம யாராவது ஊர்ல தனியா ரூம் எடுத்து இருப்பாங்களா.

ஆகாசவாணியில பகுதிநேர அறிவிப்பாளருக்கு எப்பவாவது ஆள் எடுப்பாங்க, பரீட்சை வைப்பாங்க, குரல் தேர்வு வைப்பாங்க. மாசத்துக்கு ஆறு நாள் போலத்தான் டூட்டி, அதுல சோறு கிடைக்காது, ஆனா மைக்கு விட்டுப் போகாது. அறிவிப்பு வந்தா எழுதிப் போடு. சிபாரிசெல்லாம் வேணாம்.

குடோன்ல தெக்கு மூலையைக் காலி பண்ணிட்டேன். சும்மாதான், எலித் தொல்லைன்னு பண்ணேன். நம்ம பய முட்டை அட்டையை ஒட்டலாம்னு வாங்கிட்டு வந்துட்டான், யூடியூப்ல பாத்தானாம். அது சத்தத்தையெல்லாம் நிறுத்தாதுடான்னு சொல்லி, பந்தலுக்குப் போடுற பழைய ஜமுக்காளம் ஆறேழும் உங்கப்பத்தா இலவம்பஞ்சு மெத்தையும் தொங்க விட்டிருக்கேன். நின்னு கை தட்டிப் பாத்தேன், எதிரொலி சுத்தமா இல்ல, கை தட்டுனது கையோட நின்னுருது. நீ வந்துதான் ஆகணும்னு இல்ல. நீ மதுரையிலேயே இரு, உன் இஷ்டம். மூலை காலியா இருக்குன்னு சொன்னேன்.

சனிக்கிழமை அனுப்பானடியில ஒரு காதுகுத்து, செட்டு இறக்கிட்டு ஏழு மணிக்கு உன் ரூம் பக்கம் வருவேன். மாடிக்கெல்லாம் ஏறல, கூட இருக்கிற பிள்ளைகளுக்குச் சங்கடம். கீழ நின்னு ரெண்டு ஹாரன் அடிக்கிறேன். உங்கம்மா மிளகு பொடிச்சு டப்பாவுல போட்டு வச்சிருக்கா, கூட ஒரு சின்னக் கரண்ட் அடுப்பும் இருக்கு, வாங்கிக்க. பேசணும்னு அவசியமில்ல. தொண்டைக்கு ஓய்வு குடு.

அப்பா