ஏர் ஷோ வேணும், ஆனா பதினோரு மணி வெயில்ல வேணாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெரினா ஏர் ஷோன்னு பேச்செடுத்தாலே ரெண்டு கட்சி ஆயிடுது. 2024 அக்டோபர் 6-ம் தேதி அந்த விமான சாகசத்தைப் பார்க்க வந்த அஞ்சு பேர் இறந்துட்டாங்க, இனிமே இதெல்லாம் சென்னைக்கு வேணவே வேணாம்னு ஒரு பக்கம், குடையும் தண்ணியும் எடுத்துட்டு வரச் சொல்லியும் கேக்கலைன்னா யார் என்ன பண்றதுன்னு இன்னொரு பக்கம். ரெண்டையும் என்னால ஏத்துக்க முடியல.

2003-க்கு அப்புறம் 21 வருஷம் கழிச்சு வந்த ஷோ அது. விமானப்படையோட 92-வது ஆண்டு விழாவுக்கு ரஃபேல், சுகோய், தேஜஸ், சாரங் டீமோட ஹெலிகாப்டர், சூர்யகிரண் சாகச டீமோட ஹாக் விமானம்னு எல்லாம் நம்ம கடல் மேல பறக்குது, டிக்கெட் கிடையாது, கூலி வேலைக்குப் போறவரும் பிள்ளைய தோள்ல தூக்கி வச்சு காட்டலாம். அந்த ஜெட் சத்தம் நெஞ்சுக்கூட்டுல வந்து அதிர்றது டிவில பார்த்தா வராது. அதனால நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா ஆகாயத்துல ரூல்ஸ் எவ்வளவு கறாரா இருக்குன்னு பாருங்க. 1988-ல ஜெர்மனி ராம்ஸ்டைன்ல இத்தாலி சாகச டீமோட விமானங்க ஒண்ணோட ஒண்ணு மோதி, அதுல ஒண்ணு கூட்டத்துக்குள்ளயே வந்து விழுந்து 70 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்து பறந்து வந்து சாகசம் பண்ற விஷயத்துல பல நாடுகள்ல கெடுபிடி வந்துச்சு. 2015-ல இங்கிலாந்து ஷோர்ஹாம்ல ஒரு பழைய ஹண்டர் ஜெட் குட்டிக்கரணம் அடிச்சு முடிக்க முடியாம ஹைவேல விழுந்துச்சு, 11 பேர் போயிட்டாங்க, அந்த 11 பேரும் உள்ள ஷோ பார்த்துட்டு இருந்தவங்க இல்ல, வெளிய ரோட்டுல இருந்தவங்க. அங்கயும் ரூல்ஸை இறுக்கினாங்க, ஆனா ஷோ நடத்துறத நாடு முழுக்க விட்டுடல.

மெரினாவுல விமானங்களுக்கு ஒண்ணும் ஆகல, விமானிங்க அருமையா பண்ணாங்க. தரையிலதான் உயிர் போச்சு. பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணி வரைக்கும் ஷோ, இடம் பிடிக்க காலையிலயே வந்து உட்கார்ந்த ஜனங்க உச்சி வெயில் முழுக்க மணல்ல காய்ஞ்சு, முடிஞ்சதும் லட்சக்கணக்குல ஒரே நேரத்துல காமராஜர் சாலைக்கு ஏறுறாங்க, பறக்கும் ரயிலோ அப்போ சிந்தாதிரிப்பேட்டையோட நின்னுடும், கடற்கரை ஸ்டேஷன் பக்கம் நாலாவது ரயில் பாதை போடுற வேலை நடந்துட்டு இருந்துச்சு, ஆம்புலன்ஸ் நுழைய வழி எங்க இருக்கும். இதுல 15 லட்சம் பேர், சாதனைன்னு வேற பேசினாங்க. ஆகாயத்துல எத்தனை விமானம், எந்த உயரம், எவ்வளவு இடைவெளின்னு கணக்கு பண்றவங்க கரையில மட்டும் கூட்டம் கூடக்கூட பெருமைன்னு நினைச்சா எப்படி?

மெரினா கிழக்கு பார்த்த பீச். சாயங்காலம் நாலு மணிக்கு வச்சா சூரியன் முதுகுக்குப் பின்னாடி போயிடும், கண்ணு கூசாது, வெயிலும் தணியும், விமானமும் பளிச்சுனு தெரியும். அக்டோபர்ல சாயங்காலம் மழை வரும்பாங்க, வாஸ்தவம்தான், அதுக்கு மறுநாள் ஒரு மாற்று நாள் வச்சுக்கலாமே. இன்னொண்ணு, மெயின் ஷோவுக்கு முன்னாடி ரிகர்சல் நடக்குது, அதையும் முன்கூட்டியே டைம் போட்டு பொது ஷோவா அறிவிச்சா கூட்டம் தானா பிரியும். ஷோ முடிஞ்ச உடனே எல்லாரும் எழுந்திரிக்காம இருக்க பேண்ட் வாசிக்கட்டும், கிளம்புறவங்க கொஞ்சம் கொஞ்சமா கிளம்பட்டும்.

பாஸ் கட்டாயம் பண்ணலாம், ஆனா ஒரு ரூபா கூட வாங்கக்கூடாது. காசு வச்சா முதல்ல விலகிப் போறது பிள்ளைய தோள்ல தூக்கிட்டு வந்த அந்த ஆளுதான். நேப்பியர் பாலத்துல இருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் பகுதி பகுதியா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு பேர் தாங்கும், தண்ணி டேங்க் எங்க, ஆம்புலன்ஸுக்குன்னே காலியா விடுற பாதை எதுன்னு ஷோவுக்கு ஒரு வாரம் முன்னாடியே மேப் போட்டு உங்க பேப்பர்லயும் வெளியிடச் சொல்லி அதிகாரிங்களைக் கேளுங்க.

இப்படிக்கு,
மந்தைவெளி வாசகர்