உலகப் போர்க் கதை சொல்லும் தம்பிகளுக்கு

யூடியூபில் உலகப் போர்களைப் பற்றித் தமிழில் பேசிவரும் தம்பி, தங்கைகளே,

வணக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் உங்களில் ஒருவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகியவன் நான். டைகர் டாங்கியின் தகடு எத்தனை கனம் என்பதுகூட உங்களுக்கு அத்துப்படி. ஆனால் காலாட்படை என்று வந்துவிட்டால் பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் எல்லாமே உங்கள் வாயில் ‘படைப்பிரிவு’ ஆகிவிடுகின்றன. அண்மையில் ஒருவர், ‘நான்காவது இந்தியப் படைப்பிரிவின் சில நூறு வீரர்கள்’ என்றார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சில நூறு பேர் என்றால் அது பட்டாலியன்கூட ஆகாது. டிவிஷன் என்பது பதினைந்தாயிரம் பேருக்கு மேல் இருக்கும் ஒரு நடமாடும் ஊர். அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் டிவிஷனுக்கு மூன்று பிரிகேடுகள், பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன்கள். அந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையது. 1857 சிப்பாய்க் கலகத்தின் பயம் அவர்களை விட்டுப் போகவே இல்லை. இவற்றோடு பீரங்கி, சிக்னல், ஆம்புலன்ஸ், பாலம் போடுகிறவர்கள், பண்டசாலை எல்லாம் கூடவே நகரும்.

நீங்கள் சில நூறாகச் சுருக்கிய அந்த நான்காவது டிவிஷன், 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பரானியில் இத்தாலியர்களின் முகாம்களைப் பின்பக்கமாகப் புகுந்து பிடித்தது. வெற்றியைக் கொண்டாடக்கூட நேரம் கொடுக்காமல் சூடானுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து எரித்திரியாவின் கெரென் மலைகள். செங்குத்துப் பாறையில் தண்ணீரையும் குண்டுகளையும் ஆட்களே சுமந்து ஏற வேண்டும். ஐந்தாவது இந்திய டிவிஷனும் சேர்ந்து போராடி, 1941 மார்ச் 27-இல்தான் கெரென் விழுந்தது. 1943 மே மாதம் துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஆர்னிம் சரணடைந்ததும் இதே நான்காவது டிவிஷனிடம்தான். ஆர்னிமுக்கு முன் அங்கே தளபதியாக இருந்த ரோமலுக்குப் பத்து காணொளி போட்டிருக்கிறீர்கள். அவருக்குப் பின் அந்தப் படைக்கு என்ன ஆனது என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

அதே டிவிஷன் அடுத்துப் போராடிய இத்தாலியின் கசினோவைச் சொல்லும்போது, 1944 பிப்ரவரி 15 அன்று அங்கே மலைமேல் இருந்த மடாலத்தின் மீது நேச நாட்டு விமானங்களின் குண்டு விழும் காட்சியை எல்லாரும் காட்டுகிறீர்கள். அந்த மடாலத்துச் சுவரின் கனத்தை அறிய, நான்காவது டிவிஷனின் தளபதி டக்கர் நேப்பிள்ஸ் புத்தகக் கடைகளில் தேடி, 1879-இல் வெளிவந்த ஒரு நூலைப் பிடித்தார் என்பது தெரியுமா? உளவுத்துறை சொல்லாததைப் பழைய புத்தகம் சொன்னது! அப்படியும் குண்டு விழுந்த நேரத்தில் கீழே காலாட்படை தாக்குதலுக்குத் தயாராக இருக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 24. அதே இத்தாலியில் மிக்னானோ என்ற ஊர் அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் பதினோராவது ஃபீல்டு பார்க் கம்பெனியைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், தம் ஆட்களுடன் பாதை துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவரின் கால் ஒரு கண்ணியில் பட்டது. அந்த வகைக் கண்ணி முதலில் சின்னதாக ஒரு சத்தம் போடும். சில நொடி கழித்து மேலே எம்பி வெடிக்கும். ஓடிப் படுத்துக்கொள்ள அந்த நொடிகள் போதுமானவை. சுப்ரமணியன் கண்ணியின் மேலேயே போய் விழுந்து உயிரை விட்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். எதிரி எதிரில் இல்லாத இடத்தில் நடந்த செயல் என்பதால் அவருக்குக் கிடைத்த வீர விருது, போர்முனை வீரத்துக்கான விக்டோரியா கிராஸ் அல்ல, ஜார்ஜ் கிராஸ். காஞ்சிபுரத்துக்கு அருகே கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர்.

‘வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்தானே’ என்று கமெண்ட் வரும். வரட்டும். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். இருபத்தைந்து லட்சம் பேர் ஏன் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பதற்குத் தனியாக ஒரு காணொளியே போடலாம். நான் கேட்பது அடுத்த கசினோ காணொளியில் ஐந்து நிமிடம். மதராஸ் சாப்பர்ஸ்காரர்களை ராணுவத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அதில் மறக்காமல் சொல்லுங்கள்: ‘தம்பி’.

இப்படிக்கு,
உங்கள் காணொளியைக் கேட்டுத் தூக்கம் கெட்ட ஒரு அண்ணன்