அந்த வெள்ளைப் பூச்சு பற்றி

எங்கள் வாடிக்கையாளர்களான மருத்துவமனைகளுக்கும் ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து, "ஸ்டெம்மில் வெள்ளைப் பொடி உதிர்கிறதே" என்று அழைத்தார்கள். ஸ்டெம் என்பது செயற்கை இடுப்பு மூட்டில் தொடை எலும்புக்குள் செருகும் உலோகத் தண்டு. நேரில் போய்ப் பார்த்தோம். உறையைப் பிரித்து, மற்றக் கருவிகளோடு ஸ்டீல் ட்ரேயில் போட்டு வைத்திருந்தார்கள். உரசியதில் பூச்சு பெயர்ந்துவிட்டது. இதையெல்லாம் முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வெள்ளை, ஹைட்ராக்ஸிஅபடைட். நம் எலும்பின் தாதுவும் கிட்டத்தட்ட இதே கால்சியம் பாஸ்பேட்தான். பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுச் சுடரில் இதை உருக்கி டைட்டேனியத்தின் மேல் தெளிக்கிறார்கள். கனம் பொதுவாக 50 முதல் 150 மைக்ரான். 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் இப்பூச்சுள்ள இடுப்பு ஸ்டெம்மை நோயாளிக்குப் பொருத்தினார்.

ஸ்டெம் உள்ளே போனதும் முதலில் வந்து ஒட்டுவது ரத்தத்திலுள்ள புரதங்கள். எலும்பு கட்டும் செல்கள் அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் மேற்பரப்பில் உட்காருகின்றன. பூச்சும் மெல்லக் கரைந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அங்கேயே தருகிறது. புது எலும்பு நேரே அதன்மேல் வளர்கிறது. விரல் எண்ணெயோ காஸ் துணியின் நூலோ கையுறைப் பவுடரோ படிந்திருந்தால், செல் தொடுவது அந்த அழுக்கைத்தான். அதனால் எலும்புக்குள் குழி தயாரான பிறகே உள்ளுறையைப் பிரியுங்கள். ஸ்டெம்மின் கழுத்துப் பகுதியைக் கருவியால் பிடியுங்கள். ஈரத் துணியால் துடைக்கவே வேண்டாம். பிரித்ததை மறுபடி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) போடவும் வேண்டாம்.

பூச்சு பசை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஸ்டெம் முதல் நாளே இறுக்கமாக நிற்க வேண்டும். சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசுதான் வளரும்.

இன்னொன்று, விலை. எலும்புக்கும் ஸ்டெம்முக்கும் இடையே நிரப்பினால் இறுகிப் பிடிக்கும் எலும்பு சிமென்ட் வைத்துப் பொருத்துவதாக மருத்துவர் முடிவு செய்திருந்தால் பூச்சுள்ளதை வாங்காதீர்கள். எலும்புக்கும் பூச்சுக்கும் நடுவே சிமென்ட் நிற்கும்போது கூடுதல் பணத்துக்குப் பலனே இல்லை. அந்தப் பணம் நோயாளியின் குடும்பத்துடையது. எங்களுக்கு விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை.

இனி ஆர்டரில் 'சிமென்ட் உண்டு' அல்லது 'சிமென்ட் இல்லை' என்று மட்டும் எழுதிவிடுங்கள். அதற்கேற்ற ஸ்டெம்மை அனுப்புகிறோம். சீல் உடைந்தோ பூச்சு பெயர்ந்தோ வந்தால் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருவோம்.

அன்புடன்,
உங்கள் இம்பிளான்ட் விநியோகஸ்தர்,
மதுரை