அந்த ஒன்பது இரவுகளுக்கு நன்றி

மும்பையில் சயானிலும் மாட்டுங்காவிலும் கொலாபாவிலும் இருக்கும் எங்கள் மனிதர்களுக்கும், கடலுக்கு அப்பால் செஷல்ஸின் மாஹே தீவில் கிடைத்த புது உறவுகளுக்கும் வணக்கம்.

ஏப்ரல் கடைசியில் நானும் என் கணவரும் செஷல்ஸ் தீவுகளுக்கு இடையே ஏழு நாள் பாய்மரப் படகில் சுற்றிவிட்டு வந்தோம். போக வர சேர்த்து ஒன்பது இரவுகள். எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் ஆகின்றன. ஆறு வருடங்களுக்கு முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் வந்த பிறகு, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் இன்னொருவர் வீட்டில் இருப்போம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை, அத்தை அப்படிப்பட்ட மனுஷி. ஆனாலும் இந்தப் பயணம் எப்படி நடந்தது என்று நினைத்தால், டிக்கெட்டோ படகு வாடகையோ எனக்கு ஞாபகம் வருவதில்லை. முகங்கள்தான் வருகின்றன.

முதல் முகம் எதிர்வீட்டுக் காக்கூ, மராத்தியில் சித்தி என்று அர்த்தம். "ஒன்பது நாள்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ" என்று மராத்தியில் சொல்லிவிட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று செய்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தண்ணீரைத் தண்ணீராகக் கொடுத்தால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும் என்பதால் கஞ்சியும் பாலும் கெட்டியாக இருக்க வேண்டும், முதுகை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். காக்கூ இதையெல்லாம் பத்து நாள் முன்னாலிருந்தே என் பக்கத்தில் நின்று பழகினார். பகலுக்கு ஆயா இருந்தாலும், இரவு ஒன்பதும் அவருடையவை. அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்கு இப்போது எந்த மொழியும் நாலைந்து சொல்லுக்கு மேல் வராது. சரி, எப்படியோ பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது எங்கள் மாஸ்டர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர். குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிர்காம் சவுபாத்தி கடற்கரையில் ஒரு சின்னப் படகில் வைத்து எங்களுக்குக் காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். கன்னத்தில் எந்தப் பக்கம் காற்று படுகிறது என்பதை வைத்துப் பாயை இழுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கச் சொல்வார். பௌலைன் முடிச்சை நான் அத்தையின் கட்டில் கம்பியில் போட்டுப் போட்டுத்தான் பழகினேன். எவ்வளவு பாரம் இழுத்தாலும் அது நழுவாது, பாரம் போனதும் விரலால் தள்ளினால் அவிழ்ந்துவிடும். அத்தை தன் நல்ல கையால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். மாஸ்டர், நீங்கள் ஒரு பைசா வாங்கவில்லை. படகை நாங்களே ஓட்டப் போவதில்லை, ஆள் இருப்பார் என்று சொன்னபோதும், "இருந்தாலும் தெரிஞ்சிருக்கணும்" என்றீர்கள். ஏன் என்று ஐந்தாவது இரவில் தெரிந்தது.

மும்பையிலிருந்து நேர் விமானத்தில் நாலரை மணி நேரம்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு விக்டோரியா நகரில் இறங்கி நடந்தால், நடு ஊரில் நவசக்தி விநாயகர் கோயில் கோபுரம் நிற்கிறது. 1992இல் கட்டிய கோயில். அந்தத் தீவுகளில் 1770இல் முதன்முதலாகக் குடியேறியவர்களில் ஐந்து பேர் இந்தியர்களாம். இப்போது பிள்ளை, நாயுடு என்று பெயர் வைத்துக்கொண்டு கிரியோல் என்ற உள்ளூர் மொழி பேசுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். கோயிலில் பார்த்த ஒரு வயதான தம்பதி, நாங்கள் படகில் ஏழு நாள் இருக்கப் போகிறோம் என்றதும் வீட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் மோர்மிளகாயும் கட்டிக் கொடுத்தார்கள். பெயர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா, அந்த ஊறுகாயைக் கடைசி நாள் வரை வைத்துச் சாப்பிட்டோம்.

மாஹேயிலிருந்து ப்ராலின் தீவுக்குச் சுமார் 45 கிலோமீட்டர். ஏப்ரல் அங்கே இரண்டு காற்றுகளுக்கு நடுவிலுள்ள மாதம். வடமேற்குக் காற்று ஓய்ந்து தென்கிழக்குக் காற்று பிடிப்பதற்குள் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். எஞ்சினை நிறுத்தினால் பாய் சும்மா தொங்கும், பிறகு எங்கிருந்தோ ஒரு மூச்சு வரும், படகு நகரும். நாங்கள் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த அந்த மணி நேரங்கள்தான் எனக்குப் பெரிய பரிசு. க்யூரியஸ் தீவில் ராட்சத ஆமைகள் கட்டுப்பாடில்லாமல் திரிகின்றன, கழுத்தைத் தடவிக் கொடுத்தால் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. லா டீக்கில் சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றினோம். அங்குள்ள பாறைகள் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான கருங்கல், நம் அம்மிக்கல் ஜாதி.

ஐந்தாவது இரவு. ப்ராலினின் வடகிழக்குக் கரையில், க்யூரியஸ் தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தோம். இரவு இரண்டு மணிக்கு மழையோடு திடீரென்று காற்று திரும்பிவிட்டது. நங்கூரம் மணலில் பிடி விட்டு இழுபட ஆரம்பித்தது. முதலில் கவனித்தது நாங்கள் அல்ல, பக்கத்துப் படகில் இருந்த ரியூனியன் தீவுத் தம்பதி. ஹாரன் அடித்து எழுப்பினார்கள். படகோட்டித் தம்பி எஞ்சினைப் போட்டான். சங்கிலியைச் சுருட்டும் மின் எந்திரத்தை அழுத்தினால் அது செத்துக் கிடந்தது. வாடகைக்கு விட்டவர்கள் அதைப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும். அது மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் சங்கிலி, முப்பது மீட்டர் வெளியே கிடந்தது. கையால்தான் இழுக்க வேண்டும்.

அந்த இருவரும் எழுபதை நெருங்குகிறவர்கள். கொட்டும் மழையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் படகில் எங்களிடம் வந்து ஏறினார்கள். அந்த அய்யாவும் என் கணவரும் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள், தம்பி சுக்கானில் நின்று படகை மெல்ல முன்னால் நகர்த்தினான். நானும் அந்த அம்மாவும் வந்த சங்கிலி திரும்ப ஓடிவிடாமல் கயிறு போட்டுக் கட்டினோம். என் கை தானாகப் பௌலைன் போட்டது, மாஸ்டர். ஆழமான இடம் பார்த்து மறுபடி நங்கூரத்தை இறக்கி, இந்தத் தடவை ஆழத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் சங்கிலி விட்டோம். அவ்வளவு நீளம் விட்டால்தான் சங்கிலி தரையோடு படுத்துக் கிடந்து, நங்கூரத்தை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுக்கும், அதுவும் மணலுக்குள் ஆழப் போகும். முடிந்தபோது மூன்றரை மணி. நான் கொடுத்த இஞ்சிக் காபியைக் குடித்துவிட்டு, பிரெஞ்சில் நன்றி, "மெர்சி" சொல்ல வேண்டிய எங்களுக்கே அவர்கள் "மெர்சி" சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இரவு பத்தரை வாக்கில் தெற்கே சிலுவை நட்சத்திரங்கள், வடக்கே தாழ்வாக சப்தரிஷி மண்டலம், இரண்டும் ஒரே நேரத்தில். பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் துருவ நட்சத்திரம் அங்கே தெரியாது, ஆனால் அருந்ததி தெரிகிறது. கல்யாணத்தன்று மாட்டுங்காவில் பட்டப்பகலில் சாஸ்திரிகள் மேலே கையைக் காட்டினார், நாங்களும் தெரிகிறது என்று தலையாட்டினோம். உண்மையில் பார்த்தது படகில் அந்த இரவுதான். வடக்கே, வீடு இருக்கும் திசையில். அத்தைக்கு இந்நேரம் யாரோ போர்வையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார்.

அதற்கு முந்தின இரவே அது அப்படி நடந்திருக்கிறது. திரும்பி வந்த பிறகுதான் ஆயா வாய்தவறிச் சொன்னாள். ஐந்தாவது இரவு அத்தைக்கு 102 டிகிரி காய்ச்சல். நாங்கள் அங்கே சங்கிலி இழுத்து முடித்த மூன்றரை மணி, இங்கே விடிகாலை ஐந்து. காக்கூ இரவு முழுக்க ஈரத்துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழ்வீட்டு டாக்டர் லுங்கியோடு மாடி ஏறி வந்து சிறுநீர்த்தொற்று என்று பார்த்து மருந்து ஆரம்பித்திருக்கிறார். கிங் சர்க்கிள் மருந்துக்கடைப் பையன் விடிவதற்குள் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். கொலாபாவில் இருக்கும் என் நாத்தனார் அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாள். எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கேட்டதற்குக் காக்கூ, "சொல்லியிருந்தால் நீ வந்துவிடுவாய், அதனால்தான்" என்றார். அன்று அவர் மடியில் தலைவைத்து அழுதேன், அவர் என் முடியைக் கோதிவிட்டார்.

அத்தைக்கு இப்போது நன்றாக இருக்கிறது. கடல் தேங்காய் பற்றி நாங்கள் சொன்னபோது கண்ணை விரித்தார். ப்ராலினின் பள்ளத்தாக்குக் காட்டில் அந்த மரங்களைப் பார்த்தோம், உலகத்திலேயே பெரிய விதை அதுதான், பழுக்கவே ஆறேழு வருடமாகும். அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவர முடியாது என்பதால் படம் மட்டும் காட்டினோம். அதன் ஓட்டில் செய்யும் சாமியார்களின் கமண்டலத்தைச் சொல்லவந்தவர் போல விரலைக் குவித்துக் காட்டினார்.

காக்கூ, ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை நடக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கண் சரியாகத் தெரியாத உங்கள் வீட்டுக்காரரைத் தனியாக விட முடியாமல் ஒவ்வொரு ஆஷாட ஏகாதசிக்கும் தொலைக்காட்சியில்தான் வாரி என்ற அந்தப் பாதயாத்திரையைப் பார்க்கிறீர்கள். இந்த வருடம் நீங்கள் போகிறீர்கள். இருபத்தொரு நாளும் அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில், இரவில் என் கணவர் அங்கே வந்து படுத்துக்கொள்வார். சர்க்கரை மாத்திரை எப்போது, கண் சொட்டு மருந்து எப்போது என்று உங்களிடம் கேட்டு எழுதி, எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் நேற்றே ஒட்டிவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.