தாங்கி எவ்வளவு தாங்கும்? பிக்கப் வண்டி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிக்கப் வண்டி தயாரிக்கும் நிறுவனத்தின் சஸ்பென்ஷன் வடிவமைப்புப் பிரிவினருக்கும், வாரண்டி கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாமலே தங்களுக்குப் புரியும். இதே பொருள் குறித்து நான் ஏற்கெனவே அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் தங்கள் அலுவலகத்தின் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது, பதில்தான் இல்லை. ஓசூரில் சிறிய பட்டறை வைத்து, மேடுபள்ளப் பாதைகளில் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கான பம்ப் ஸ்டாப்புகளை, அதாவது சக்கரம் மேலே ஏறும்போது இரும்பு இரும்பில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டைகளை, வடிவமைத்து வார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் இந்த மூன்றாவது கடிதத்தைப் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன். அதற்குக் காரணம் சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஒரு தாள்.

தேன்கனிக்கோட்டையைத் தாண்டி மலைமேல் இருக்கும் ஓர் ஊரிலிருந்து வந்த விவசாயி அந்தத் தாளைக் கொண்டுவந்தார். அவருடைய வண்டியின் பின்புற இடது பக்கச் சேஸில் (அடிச்சட்டத்தில்), பம்ப் ஸ்டாப்பைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியின் (பிராக்கெட்டின்) வெல்டிங் ஓரமாக ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. தங்கள் சேவை மையம் கொடுத்த அந்தத் தாளில், காரணம் என்ற கட்டத்தில் "அங்கீகரிக்கப்படாத பம்ப் ஸ்டாப் பொருத்தியதால்" என்று எழுதி, வாரண்டி மறுக்கப்பட்டிருந்தது. நான் அவருக்குப் பொருத்திக் கொடுத்தது முன்புறத்துக்கு மட்டும். பின்புறத்தில் இருப்பது தங்கள் ஆலையிலிருந்து வண்டியோடு வந்த அதே ரப்பர். தங்கள் பாக எண் அதன்மேல் இன்னும் புடைப்பாகத் தெரிகிறது. அதைத் துடைத்துக் காட்டிவிட்டு அந்த மனிதர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முன்காலுக்கு லாடம் அடிச்சா பின்கால் ஒடியுமாங்க?"

அந்தக் கேள்வியைத் தங்களிடமே திருப்பி அனுப்புகிறேன். கூடவே என் வேண்டுகோளையும் வைக்கிறேன்: தங்கள் வண்டிகளின் பம்ப் ஸ்டாப் தொடர்பான மூன்று அளவுகளைத் தயவுசெய்து வெளியிடுங்கள். வெறும் வண்டியிலும் முழுப் பாரத்திலும் ஆக்சிலுக்கும் சேஸ் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்று. ஷாக் அப்சார்பர் முழுதாக மடங்கும்போது அதன் நீளம் இன்னொன்று. பம்ப் ஸ்டாப்பைப் பிடித்திருக்கும் தாங்கி எத்தனை விசை வரை தாங்கும் என்பது மூன்றாவது. வரைபடம் கேட்கவில்லை, ரப்பர் கலவையின் சூத்திரம் கேட்கவில்லை. மூன்று அளவுகள் போதும்.

இவை எதற்கு என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் வண்டிக்காரர்களுக்காக ஒரு சிறு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பின் சக்கரத்தின்மேல் 500 கிலோ பாரம் இருப்பதாகவும், பள்ளத்தில் விழுந்து அது விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். சுமார் பதினொன்றரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். அப்போது அடக்கப்பட வேண்டிய ஆற்றல் சுமார் 560 ஜூல். கமான் பட்டையும் ஷாக் அப்சார்பரும் எடுத்துக்கொள்ளும் பங்கை ஒதுக்கிவிட்டு, சீராக இறுகும் ஒரு ரப்பர் மட்டுமே இதைத் தாங்குவதாகக் கொண்டால், 40 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய ரப்பரில் சேஸின்மேல் விழும் உச்ச அடி ஏறக்குறைய 2.9 டன். அதுவே 15 மில்லிமீட்டருக்குமேல் அமுங்க மறுக்கும் கெட்டி ரப்பராக இருந்தால் 7.6 டன். வண்டி அதே வண்டிதான், பள்ளமும் அதே பள்ளம்தான். வேறுபாடு ஒரு கைப்பிடி ரப்பரில் இருக்கிறது.

கெட்டி ரப்பரின் சிக்கல் அதன் பிடிவாதம். அழுத்தினால் அதன் கன அளவு குறையாது. பக்கவாட்டில் பிதுங்கித்தான் இடம் தேடும். பிதுங்க இடமில்லாத வடிவத்தில் வார்த்துவிட்டால் அது கல். ஆகவேதான் அதைக் கூம்பாக, நடுவே இடுப்பு ஒடுங்கியதாக வார்க்கிறோம். முதல் தொடுகையில் நுனி மெதுவாக மடங்கி, அடிப்பகுதி பிறகு இறுக வேண்டும். நுண்துளைப் பாலியூரித்தேன் வேறு வகை. அதற்குள் இருக்கும் காற்றறைகள் முதலில் நசுங்குவதால், அதிகம் பிதுங்காமலேயே தன் உயரத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கும். அதைப் பொருத்த வேண்டுமானால் உயரமாகப் பொருத்த வேண்டும். உயரமாகப் பொருத்தினால் ஆக்சில் அதைச் சீக்கிரம் தொடும். சீக்கிரம் தொட்டால் தாங்கிக்கு அடி குறையும், ஆனால் எண்ணிக்கை கூடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்குத்தான் அந்த மூன்றாவது அளவு வேண்டும்.

முன்புறத்தில் இது இன்னும் நுணுக்கமானது. சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கீழ்க் கையின் உள்முனையிலிருந்து, சக்கரப் பக்கத்தில் இருக்கும் பந்து மூட்டு வரை உள்ள நீளத்தில் 60 சதவீதத் தொலைவில் ஸ்டாப் உட்கார்ந்திருந்தால், சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ரப்பர் 6 மில்லிமீட்டர்தான் அமுங்கும். சக்கரத்தில் ஒரு டன்னைத் தடுக்க ரப்பரும் தாங்கியும் ஏறக்குறைய 1.7 டன்னைச் சுமக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாங்கள் வண்டி பிறப்பதற்கு முன்பே கணினியில் போட்டுவிட்டீர்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போடுகிறேன்.

அது எப்படி என்று தாங்கள் அறிய வேண்டும். பானை வனையும் களிமண்ணைப் பிசைந்து, கொய்யாக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, ஈரம் காயாமல் பாலித்தீன் தாளில் சுற்றி வைத்துக்கொள்வேன். வண்டியின் பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, சேஸ் தாங்கிக்கு நேர்கீழே ஆக்சில்மேல் ஓர் உருண்டையையும், டயருக்கு மேலே மட்கார்டின் உள்பக்கம் இன்னொன்றையும், பிரேக் ஹோஸ் உரசக்கூடிய இடத்தில் மூன்றாவதையும் ஒட்டுவேன். பிறகு வாடிக்கையாளர் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நான் போட்டு வைத்திருக்கும் கருங்கல் மேட்டின்மேல் ஒரு சக்கரத்தை மட்டும் நடைவேகத்தில் ஏற்றி இறக்குவார். மறுபடியும் அடியில் போய், நசுங்கிய களிமண்ணைப் பிளேடால் நடுவே வெட்டி, வெர்னியர் அளவுகோல் வைத்துக் கனத்தை அளப்பேன். கடைசியாக அளந்த வண்டியில் ஆக்சில்மேல் இருந்த உருண்டை 11 மில்லிமீட்டர் தகடாகியிருந்தது. மட்கார்டில் இருந்தது 4 மில்லிமீட்டர். அதாவது அந்த வண்டியில் இரும்பு இரும்பைத் தொடும் முன்பே டயர் மட்கார்டைத் தொட்டுவிடும். கமான் பட்டையைத் தளர்த்தி ஷாக் அப்சார்பரின் மடங்கிய நீளத்தை அளக்க இன்னும் அரைநாள். ஒரு மாடலுக்கு இப்படி மூன்று வண்டிகள், வண்டிக்கு இரண்டு நாள். வண்டிக்காரருக்கு அந்த இரண்டு நாள் வாடகை போகும். மாங்காய் சீசனாக இருந்தால் கிருஷ்ணகிரியில் எந்த வண்டியும் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு, அதே பெயரில், அதே முகப்பில், அடுத்த ஆண்டு வந்த தங்கள் வண்டியில் தாங்கியின் போல்ட் துளைகள் 8 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தன. யாருக்கும் அறிவிப்பில்லை. 150 டிகிரி சூட்டில் பன்னிரண்டு நிமிடம் அச்சில் வெந்து, பிசிறு நறுக்கி, இரும்புத் தகட்டோடு ஒட்டி எடுத்த 200 உருப்படிகள் என் பட்டறை மூலையில் இன்றும் அடுக்கியபடி இருக்கின்றன. வருகிறவர்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அந்தப் பாரத்தை மட்டும் அவை நன்றாகத் தாங்குகின்றன.

மூன்று அளவுகளில் இரண்டை இப்படிக் களிமண்ணைக் கொண்டு எப்படியோ எடுத்துவிடுகிறேன். மூன்றாவதை என்னால் எடுக்க முடியாது. தாங்கி எத்தனை டன்னில் விரியும் என்று அறிய ஒரு புதுச் சேஸை உடைத்தாக வேண்டும். அந்தச் செலவு ஒரு சிறு பட்டறைக்கு ஆகாது. தங்களிடமோ அந்தப் பதில் கோப்பில் இருக்கிறது. ரப்பரின் கடினத்தை ஷோர் அளவில் 50 வைப்பதா, 60 வைப்பதா, 70 வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் நான் பயந்து பயந்து கீழிறங்கி வருவதற்குக் காரணம் இந்த ஓர் எண் இல்லாததுதான். விவசாயியின் வண்டியில் விரிந்தது அதே தாங்கிதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

சற்று விலகிப் போகிறேன், பொறுத்தருள்க. தங்கள் விளம்பரக் கையேட்டில் வண்டி மணல்மேட்டிலிருந்து நான்கு சக்கரமும் தரையில் படாமல் பறக்கிறது. அதே வண்டியின் வாரண்டி புத்தகத்தில், கரடுமுரடான பாதையில் ஓட்டியதால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பறக்கும்வரை தங்கள் வண்டி, இறங்கும்போது எங்கள் வண்டி போலும். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுச்சாலையில் இருட்டியபின் ஆக்சில் இடித்து நின்றுபோன வண்டிக்குள், யானை நடமாட்டத்துக்கு அஞ்சி விளக்கை அணைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவருக்கு, எந்தப் பாதை கரடுமுரடு என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. தருமபுரி மாவட்டத்தில் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போனதைத் தாங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கழுதைக்குக் கையேடும் கிடையாது, பொடி எழுத்தும் கிடையாது.

சட்டத்தைக் காட்டுவீர்கள் என்பதையும் அறிவேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுச் சான்றிலுள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். சேஸை வெட்டவோ, துளையிடவோ, வண்டியை உயர்த்தவோ கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தேய்ந்த ரப்பரைக் கழற்றி அதே போல்ட்டில் வேறொரு ரப்பரை மாட்டுவதால் பதிவுச் சான்றின் எந்த வரி மாறுகிறது என்று தெரியவில்லை. இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தபோது, வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்று கூறியது. அந்த ஆணை பின்னர் மேல்முறையீடுகளுக்குப் போனது. அது பேசியது பழுதுபார்ப்பைப் பற்றி, மாற்றுப் பாகத்தைப் பற்றியல்ல என்றும் தாங்கள் வாதிடலாம். ஆனால் முன்புற ரப்பருக்காகப் பின்புற வெல்டிங்கை மறுப்பதற்கு எந்த வாதமும் எனக்குத் தட்டுப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தெருவோரத்தில் பழைய லாரி டயரை அறுத்து, இரண்டு அடுக்காக ஆணியடித்து, அதை பம்ப் ஸ்டாப் என்று மாட்டிவிடுபவர்கள் எவர்மீதும் இப்படி ஒரு தாள் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. அதில் பெயர் இல்லை, குற்றம்சாட்ட முகவரி இல்லை. பெயரும் தொகுப்பு எண்ணும் பொறித்து விற்கிறவன்தான் அகப்படுகிறான். அப்படியானால் பொறிக்காமலே விற்றுவிடலாமே என்று ஒருநாள் தோன்றியதை மறைக்க மாட்டேன்.

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது அதே மூன்று அளவுகள்தான்: இடைவெளி, மடங்கிய நீளம், தாங்கியின் வலு. தங்கள் சேவைக் கையேட்டின் அடுத்த பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். மாடல் மாறும்போது அந்த அரைப் பக்கத்தையும் மாற்றினால் இன்னும் நன்று. மூன்றையும் தர இயலாது என்று தங்கள் சட்டப் பிரிவு தடுத்தால், முதல் இரண்டையும் விட்டுவிடுங்கள், களிமண் இருக்கிறது. மூன்றாவதை மட்டுமாவது கொடுங்கள்.

அந்த விவசாயியின் கோரிக்கையைத் தயவுகூர்ந்து மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய பின்புற ரப்பரைக் கழற்றாமல் அப்படியே விட்டிருக்கிறோம். தங்கள் பொறியாளர் எவரேனும் ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தால், ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் வண்டியை ஓசூருக்கு வரவழைத்து வைக்கிறேன். மலையிலிருந்து இறங்கிவர அவருக்கு அரைநாள் பிடிக்கும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
பம்ப் ஸ்டாப் வடிவமைப்பாளர் ஒருவர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.