அம்மாயியின் முகம்

அன்புள்ள மகளுக்கு,

நீ வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அம்மாயியின் படத்தை மாமாவுக்குக் காட்டினேன். பச்சை நெற்றி, கரண்டியால் அப்பிய கன்னம், ஒரு கண் மட்டும் தெளிவு. "எங்கம்மா இப்படியா இருந்தாங்க?" என்று முகம் சுளித்தார். திவசத்துக்கு மாலை போட இது சரிவராதாம். மாற்றி வரையட்டுமா என்று நீயும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் மகள். முகத்தில் ஒரு கோடுகூட மாற்றாதே.

மாலை போட அடையாள அட்டைப் படம் இருக்கிறது, ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கலாம். 1948இல் இலங்கை அரசு தோட்டத்துத் தமிழரிடமிருந்து பறித்த குடியுரிமை அம்மாயி கைக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் படமே எடுத்தோம். சுவரைப் பார்க்கிற மாதிரி கேமராவைப் பார்த்திருப்பார். அச்சு அசலாக அவர்தான், ஆனால் அந்த முகத்தை நம் லயத்து வரிசை வீடுகளில் யாரும் ஒருநாளும் கண்டதில்லை.

நீ வரைந்ததில் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வர்ணத்தை வழித்து ஒரு பள்ளம் விட்டிருக்கிறாய். கொழுந்துக்கூடைக் கயிறு வருசக்கணக்காக இழுத்த இடம் அது. எண்ணெய் தேய்த்துவிடும்போதெல்லாம் என் விரல் அங்கே இறங்கும், முடியும் அங்கேதான் நைந்திருக்கும். சின்னதில் அவர் தலையைக் கோதிக்கொண்டு கிடப்பாயே, அப்போதே உன் கைக்குத் தெரிந்திருக்கிறது. தேயிலைப் பக்கெட்டின் மேல் படத்தில் சிரிக்கிற பெண்ணுக்கு அந்தப் பள்ளம் இல்லை, பெயரும் இல்லை. அழகாக வரை என்று சொல்கிறவர்கள் மனசில் அந்தப் பெண்தான் நிற்கிறாள்.

நான் சித்திரம் படிப்பிக்கிறவள் என்பதால் இதையும் சொல்கிறேன். லண்டனில் ஃபிராங்க் அவர்பாக் என்று ஒரு ஓவியர் இருந்தார், 2024இல்தான் காலமானார். பெர்லினில் பிறந்து, 1939இல் சின்னப் பையனாகத் தாய் தகப்பனைப் பிரிந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவர் புதுப்புது முகங்களைத் தேடி ஓடவில்லை. அதே சில பேரை வருசக்கணக்காக உட்காரவைத்து வரைந்தார். அன்றைக்குத் தீட்டியது பிடிக்காவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். கரித்துண்டால் வரைந்த தலைகளில் அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகும், ஒட்டுப்போட்டு அதே முகத்தைத் தொடருவார். அந்தக் கறுப்புக்குள் மூக்கும் கண்ணும் தெரிய நாம் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அப்படி ஒருவரை விடாமல் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

மிஷெல் ஒபாமாவை அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்ட் வரைந்தபோதும், தோலைச் சாம்பல் நிறத்தில் தீட்டினார். 2018இல் திரை விலக்கியதும் அவர் மாதிரியே இல்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ஆனாலும் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நம் மலையகத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேத்தண்ணி வடிகட்டியையும் வைத்தே தோட்டத்துச் சனங்களின் வாழ்க்கையைக் காட்டுகிறார். நீ தனியாள் இல்லை, மகள்.

பின்னால் வைத்திருக்கிற தேயிலை மலைதான் எனக்கு ஒட்டவில்லை. கண் அங்கே ஓடிவிடுகிறது, பக்கெட்டும் ஞாபகத்துக்கு வருகிறது. லயத்துச் சுவரின் புகைக்கறுப்பை வைத்துப் பார். அம்மாயி அடுப்படியில்தானே எந்நேரமும் இருந்தார். பிறகு உன் விருப்பம்.

திவசத்துக்கு வரும்போது படத்தையும் கொண்டுவா. போனில் அந்தப் பள்ளம் தெரியாது, மாமா கிட்ட நின்று பார்க்கட்டும். அப்போதும் பிடிக்காவிட்டால் நான் பேசிக்கொள்கிறேன். எண்ணெய் வர்ணம் மேலே காய்ந்தாலும் தடிப்பான இடத்தில் உள்ளே ஈரம் இருக்கும், முகத்தில் எதுவும் படாமல் சட்டம் அடித்து மூடு. பஸ்ஸில் நெரிசல், ரயிலில் வா. தலவாக்கலை ஸ்டேஷனுக்கு அப்பா வருவார். இங்கே ஒரே மழை, ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
அம்மா